புதுக் கருக்கு அழியாத புத்தகம்

நான் எழுதிய நாவல்களை எடை போட்டு உடனுக்குடன் விலை சொல்லக்கூடிய விமர்சகர் ஒருவர் எங்கள் தெருவுக்கு வருவதுண்டு. ஞாயிற்றுக்கிழமை தோறும் தள்ளுவண்டியோடு வரும் பழைய பேப்பர்காரர்தான் அவர். மற்ற விமர்சகர்களிடம் எனக்கு இருக்கும் மனத்தாங்கல் இவரிடம் கிடையாது. இவருடைய தராசு கொஞ்சம் பொய் சொல்லும் என்பது உண்மைதான். ஆனால் எல்லா ஆசிரியர்களுக்கும் ஒரே அளவு பொய்தான் சொல்லும்.

2015-ஆம் வருஷம் கோடை விடுமுறையில் ஒரு நாள் அவர் வண்டியை என் வீட்டு வாசலில் நிறுத்தினார். வண்டி நிறையப் பாடப் புத்தகங்கள். பரீட்சை முடிந்த காலம் அல்லவா?

"சார், அட்டையைப் பார்க்காமலே எந்தக் கிளாஸ் புஸ்தகம்னு சொல்லட்டுமா?" என்றார்.

"சொல்லுங்களேன்" என்றேன்.

"பத்தாம் கிளாஸ்னா முதுகு கிழிஞ்சிருக்கும். பன்னெண்டாம் கிளாஸ்னா வரிக்கு வரி கோடு போட்டு, பாதிப் பக்கம் பேனா மையா இருக்கும். இந்தப் பதினொண்ணாம் கிளாஸ் மட்டும் கடையிலேருந்து வந்த மாதிரியே வருது, சார். புதுக் கருக்கு அழியல்லே. அந்த ஒரு வருஷம் புள்ளைங்களுக்கு லீவா, சார்?"

அவர் எடுத்துக் காட்டிய கணக்குப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. முதல் பக்கத்தில் யாரோ ஒரு மாணவியின் பெயர் அழகான கையெழுத்தில் இருந்தது. பெயர் எழுதியதோடு அந்தப் புத்தகத்துக்கும் அந்தப் பெண்ணுக்கும் உள்ள சம்பந்தம் தீர்ந்துவிட்டது.

கல்வி இலாகா எத்தனையோ அறிக்கைகள் வெளியிட்டிருக்கிறது. அவற்றில் ஒன்றுகூட அந்தப் பழைய பேப்பர்காரரின் கேள்வியைப் போல் என் மனத்தைக் குத்தியதில்லை. அன்றைக்கு நான் அவருக்குப் பதில் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

பதில் இதுதான்: லீவு இல்லை, ஐயா. அந்த வருஷத்தைத் திருடிவிட்டார்கள்.

திருடியவர்கள் யார், எப்படித் திருடினார்கள், அதற்குப் பூட்டைத் திறந்து விட்டவர்கள் யார் என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். வாசகர்கள் பொறுமையாகக் கேட்க வேண்டும். ஏனென்றால் இந்தத் திருட்டுக்கு நம்மில் பலர் உடந்தை. நானும் உடந்தை. அந்தக் கதை பிறகு வருகிறது.

தமிழ்நாட்டில் 1978-ஆம் வருஷம் வரையில் கலாசாலையில் பி.யூ.சி. என்று ஒரு வருஷப் படிப்பு இருந்தது. அதை எடுத்துவிட்டு, பள்ளிக்கூடத்திலேயே இரண்டு வருஷ மேல்நிலைப் படிப்பை அப்போது ஏற்படுத்தினார்கள். "பிளஸ் டூ" என்று நாம் எல்லோரும் சொல்வது அதைத்தான். பெயரிலேயே இரண்டு இருக்கிறது. இரண்டு வருஷம் படிப்பதற்கென்று பாடத்தை வகுத்தார்கள். முதல் வருஷத்தில் அஸ்திவாரம், இரண்டாம் வருஷத்தில் அதன்மேல் சுவர். இதைவிட எளிய ஏற்பாடு ஒன்று இருக்க முடியாது.

11-ஆம் வகுப்பில் என்ன இருக்கிறது? கணக்கில் முக்கோணவியல், அணிகள், வெக்டர், எல்லை என்றால் என்ன, வகையிடுதல் என்றால் என்ன, தொகையிடுதல் என்றால் என்ன என்ற ஆரம்பப் பாடங்கள் எல்லாம் இருக்கின்றன. பௌதிகத்தில் நியூட்டனின் விதிகள், புவி ஈர்ப்பு, வெப்பம், அலைகள் இருக்கின்றன. விலங்கியலில் ஜீரணம், சுவாசம், ரத்த ஓட்டம், சிறுநீரகம், நரம்பு மண்டலம் அத்தனையும் 11-ஆம் வகுப்பிலேதான். டாக்டராக வேண்டும் என்று ஆசைப்படும் பிள்ளை இருதயத்தைப் பற்றி முதன்முதலாக விரிவாகப் படிக்க வேண்டிய இடம் அது. எஞ்சினீயராக வேண்டும் என்று ஆசைப்படும் பிள்ளை ஒரு பொருள் ஏன் நகர்கிறது, ஏன் நிற்கிறது என்று புரிந்துகொள்ள வேண்டிய இடமும் அதுவே.

இத்தனையும் உள்ள வருஷத்தைத்தான் எத்தனையோ தனியார் பள்ளிக்கூடங்கள் விழுங்கி ஏப்பம் விட்டன. ஜூன் மாதம் 11-ஆம் வகுப்பில் பிள்ளையைச் சேர்த்துக்கொள்வது. சில மாதங்களுக்குள், சில இடங்களில் முதல் நாளிலிருந்தே, 12-ஆம் வகுப்புப் பாடத்தை ஆரம்பித்துவிடுவது. ஒரு வருஷப் பாடத்தை இரண்டு வருஷம் உருட்டி உருட்டி, புத்தகத்தின் எந்த மூலையில் எந்த வாக்கியம் இருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிற நிலைக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து பரீட்சைக் கூடத்தில் இறக்குவது. பிறகு "எங்கள் பள்ளியில் கணக்கில் இத்தனை சென்டம்" என்று நாற்சந்தியில் ஆள் உயரப் பலகை வைப்பது. கோழிப் பண்ணை என்று ஜனங்களே இவற்றுக்குப் பெயர் வைத்தார்கள். பெயரை வைத்துவிட்டு, பிள்ளைகளையும் அங்கேயே கொண்டுபோய் விட்டார்கள்.

இப்படிச் செய்த நிர்வாகஸ்தர்களை மட்டும் திட்டிப் பயனில்லை. அவர்கள் வியாபாரிகள். எந்தச் சரக்கு விலை போகுமோ அதை விற்றார்கள். அதற்கு விலை வைத்தவர்கள் யார் என்பதுதான் கேள்வி.

மாவு சலிக்கிற எந்த அம்மாளைக் கேட்டாலும் சொல்வாள்: சல்லடையின் கண் எப்படியோ அப்படித்தான் மாவு. எஞ்சினீயரிங் கல்லூரியில் இடம் கொடுக்கச் சர்க்கார் வைத்திருக்கிற சல்லடை எது? 12-ஆம் வகுப்பில் கணக்குக்கு 100, பௌதிகத்துக்கு 50, ரசாயனத்துக்கு 50, ஆக மொத்தம் 200. இந்த "கட் ஆஃப்" எண் ஒன்றுதான் அந்தச் சல்லடை. இந்த 200-இல் 11-ஆம் வகுப்புக்கு எத்தனை? பூஜ்யம். பூஜ்யத்துக்காக எந்த வியாபாரி ஒரு வருஷத்தைச் செலவழிப்பான்? எந்தத் தகப்பனார் செலவழிக்கச் சொல்வார்?

1984-ஆம் வருஷத்திலிருந்து நுழைவுத் தேர்வு என்று இன்னொரு சல்லடையும் இருந்தது. அதைச் சட்டம் கொண்டுவந்து எடுத்தார்கள். 2007-ஆம் வருஷம் முதல் மேல்நிலைப் பரீட்சை மார்க்கை மட்டும் வைத்தே இடம் கொடுத்தார்கள். நுழைவுத் தேர்வை எடுத்ததை நான் குறை சொல்ல மாட்டேன். பட்டணத்துக்கு வந்து மாதக்கணக்கில் தங்கிப் பயிற்சி பெற வசதியில்லாத கிராமத்துப் பிள்ளைகளுக்கு அது ஒரு சுவராக இருந்தது. சுவரை இடித்தது நியாயம். ஆனால் சுவரை இடித்தவர்கள், "இனிமேல் பள்ளிக்கூடத்துப் படிப்பை வைத்தே முடிவு செய்வோம்" என்று சொன்னபோது, பள்ளிக்கூடத்துப் படிப்பு இரண்டு வருஷம் என்பதை மறந்துவிட்டார்கள். ஒரு வருஷத்தை எண்ணி, மற்றொரு வருஷத்தை எண்ணாமல் விட்டார்கள். எண்ணாத பணப்பெட்டியைத் திறந்து போட்டுவிட்டுப் போனால் அது அப்படியே இருக்குமா?

2017-ஆம் வருஷம் மே மாதத்தில் சர்க்காருக்கு ஞானோதயம் ஏற்பட்டது. முதல் ரேங்க், இரண்டாம் ரேங்க் என்று பெயர் வெளியிடும் வழக்கத்தை நிறுத்தினார்கள். 11-ஆம் வகுப்புக்கும் பொதுத் தேர்வு உண்டு, 1200 மார்க்கை இரண்டாகப் பிரித்து வருஷத்துக்கு 600 என்று வைத்து, இரண்டையும் சேர்த்தே சான்றிதழ் தருவோம் என்று உத்தரவு போட்டார்கள். பாடத் திட்டத்தையும் புதுப்பிக்க முனைந்தார்கள். நான் அப்போது மகிழ்ந்து போனேன். பழைய பேப்பர்காரரிடம்கூடச் சொன்னேன்: "இனிமேல் உமக்குக் கிழிந்த புத்தகந்தான் வரும்."

2018 மார்ச்சில் முதல் தேர்வு நடந்தது. அந்த வருஷம் செப்டம்பரிலேயே சர்க்கார் மனசை மாற்றிக்கொண்டது. தேர்வு இருக்கும், ஆனால் மேற்படிப்புக்கு 12-ஆம் வகுப்பின் 600 மார்க்கை மட்டும் பார்த்தால் போதும் என்று அறிவித்தது. அதாவது, காவல்காரனை வாசலில் நிறுத்தி, அவன் கையிலிருந்த கம்பைப் பிடுங்கிக்கொண்டது. கம்பு இல்லாத காவல்காரன் சில வருஷம் நின்றான். 2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கையை வெளியிட்டபோது, அவனையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். 2025-26 கல்வி ஆண்டிலிருந்து 11-ஆம் வகுப்புப் பொதுத் தேர்வு கிடையாது என்றாகிவிட்டது.

இடையில் வந்த கட்சி வேறு, போன கட்சி வேறு. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இருவருக்கும் அபிப்பிராய பேதம் இல்லை. நான் எந்தக் கட்சிக்கும் சேர்ந்தவனல்ல. பழைய பேப்பர்காரர் கட்சி.

இப்போது என் குற்றத்தைச் சொல்கிறேன்.

என் தங்கையின் பெண் ஒரு நாள் என்னைத் தேடி வந்தாள். "மாமா, பையனை பிளஸ் ஒன்னில் எங்கே போடலாம்? உங்களுக்கு நாலு பேரைத் தெரியுமே, விசாரித்துச் சொல்லுங்கள்" என்றாள். விசாரித்தேன். ஒரு பள்ளிக்கூடத்தைப் பற்றி எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: விடுதி உண்டு, காலை ஐந்து மணிக்குப் படிப்பு, சம்பளம் அதிகம், ஆனால் ரிசல்ட் பிரமாதம். அந்தப் பள்ளியின் பெயர் வேண்டாம். அதைப் போல் எத்தனையோ. 11-ஆம் வகுப்புப் பாடம் நடத்துவார்களா என்று ஒருவரைக் கேட்டேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பழைய பேப்பர்காரரின் கேள்வி அந்தச் சமயம் எனக்கு ஞாபகம் வரத்தான் செய்தது. வந்தும் என்ன? "அங்கேயே போடம்மா" என்றுதான் சொன்னேன். ஊருக்கு உபதேசம் எழுதுகிறவன் வீட்டு விஷயம் என்று வந்தால் எப்படி நடந்துகொள்வான் என்பதற்கு நானே உதாரணம்.

பையன் கெட்டிக்காரன். தீபாவளிக்கு முன்னாலேயே 12-ஆம் வகுப்புப் பாடம் தொடங்கிவிட்டது. மார்ச் மாதம் 11-ஆம் வகுப்புப் பொதுத் தேர்வு இருந்ததே, அதற்கு என்ன செய்தார்கள் என்று கேட்கலாம். சில வாரங்களுக்கு முன்னால் நகல் எடுத்த தாள்களைக் கட்டாகக் கொடுத்து, "இதில் இருக்கிற கேள்வியை மனப்பாடம் பண்ணினால் போதும், இந்த மார்க்கை ஒருவரும் கேட்கப் போவதில்லை" என்று சொல்லிவிட்டார்கள். அவனும் அப்படியே செய்து தேறினான். அடுத்த வருஷம் கணக்கில் 99, பௌதிகத்தில் 97, ரசாயனத்தில் 98. கட் ஆஃப் 196.5. 2024-ஆம் வருஷம் கலந்தாய்வில் நல்ல கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்தது. தங்கை வீட்டில் பாயசம் வைத்தார்கள். எனக்கு இரண்டு டம்ளர் கொடுத்தார்கள். பள்ளிக்கூடம் பார்த்துக் கொடுத்தவன் அல்லவா?

அடுத்த மாசி மாதத்தில் ஒரு நாள் பையன் தனியாக வந்தான். முதல் செமஸ்டர் கணக்கில் தேறவில்லை. வீட்டில் சொல்லப் பயந்துகொண்டு என்னிடம் வந்திருக்கிறான்.

"என்னப்பா ஆச்சு? கணக்கு உனக்கு நன்றாக வருமே?" என்றேன்.

"வாத்தியார் போர்டுல ஒரு லிமிட் எழுதினார், தாத்தா. 'இது உங்களுக்குத் தெரிஞ்சதுதானே'ன்னு சொல்லிட்டு அடுத்ததுக்குப் போயிட்டார். கிளாஸ்ல எல்லாரும் தலையை ஆட்டினாங்க. நானும் ஆட்டினேன்."

"உனக்குத் தெரியாதா?"

"ஃபார்முலா தெரியும். அது எங்கேயிருந்து வந்ததுன்னு தெரியாது."

"யாரையாவது கேட்கக் கூடாதோ?"

பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னான்: "நூத்துத் தொண்ணூத்தாறரை வாங்கினவன் எப்படித் தாத்தா போய்க் கேட்கிறது?"

எனக்குப் பேச்சு வரவில்லை. வாங்கிய மார்க்கே வாயை அடைத்துவிட்டது. குறைந்த மார்க் வாங்கி வந்த பிள்ளை கையைத் தூக்கிக் கேட்டுவிடுவான். அவனுக்கு அதில் வெட்கமில்லை. 196.5 வாங்கியவன் தனக்குத் தெரியாது என்பதைத் தனக்குத்தானே ஒப்புக்கொள்ள முடியாமல் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவன் சோம்பேறியா? இல்லை. மோசக்காரனா? இல்லவே இல்லை. சொன்னதைச் சொன்னபடி செய்த நல்ல பிள்ளை. பெரியவர்களான நாங்கள் எல்லோருமாகச் சேர்ந்து அவனை ஏமாற்றியிருக்கிறோம்.

பொதுத் தேர்வை எடுத்தது சரிதான் என்று சொல்கிறவர்களின் வாதங்களையும் பார்த்துவிடுவோம். எதிர்க்கட்சிக்கு வாய்ப்புக் கொடுக்காமல் பேசுவது மேடைக்குச் சரி, எழுத்துக்குச் சரியல்ல.

முதல் வாதம்: பிள்ளைகளுக்கு மன அழுத்தம். 10, 11, 12 என்று மூன்று வருஷம் தொடர்ந்து பொதுத் தேர்வு வைத்தால் குழந்தைகள் தாங்குமா? இரக்கமுள்ள கேள்வி. இரக்கப்படுகிறவர்களோடு நான் சண்டை போட மாட்டேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். காலை ஐந்து மணிக்கு எழுப்பி, இரவு பதினோரு மணி வரைக்கும் ஒரே பாடத்தை இரண்டு வருஷம் திரும்பத் திரும்ப அரைக்கச் சொல்கிறார்களே, அது மன அழுத்தம் இல்லையா? தேர்வை எடுத்ததனால் அந்த விடுதியில் ஒரு பிள்ளையாவது அரை மணி நேரம் கூடுதலாகத் தூங்குமா? மிச்சமான வருஷம் பிள்ளையின் கைக்கா வந்தது? பள்ளிக்கூடத்தின் கைக்கு அல்லவா போய்ச் சேர்ந்தது? மூன்று தேர்வு அதிகம் என்றால், ஒன்றைக் குறைக்க வேண்டியதுதான். கல்லூரிக்கும் தொழிலுக்கும் அஸ்திவாரமான 11-ஐ வைத்துக்கொண்டு 10-ஐ இலகுவாக்கியிருக்கலாமே? குறைப்பதற்கு எது கையில் அகப்பட்டது என்று பார்த்தார்களே தவிர, எதைக் குறைத்தால் எது நஷ்டம் என்று பார்க்கவில்லை.

இரண்டாவது வாதம்: "நீட்", "ஜே.இ.இ." தேர்வுகளில் 11-ஆம் வகுப்புப் பாடத்திலிருந்தும் கேள்வி வருகிறதே, ஆகையால் படிக்கிற பிள்ளை எப்படியும் அதைப் படித்துத்தானே தீர வேண்டும்? படிப்பான், யார் படிப்பான்? பயிற்சி நிலையத்துக்குத் தனியாகப் பணம் கட்டக்கூடிய வீட்டுப் பிள்ளை படிப்பான். பள்ளிக்கூடத்தில் சம்பளம் கட்டி வாங்க வேண்டிய சரக்கை அங்கே கொடுக்காமல் மறைத்து, பக்கத்துக் கட்டடத்தில் இன்னொரு தடவை விலைக்கு விற்கிறார்கள். சில இடங்களில் இரண்டு கட்டடத்துக்கும் ஒரே சொந்தக்காரர். நுழைவுத் தேர்வு கிராமத்துப் பிள்ளைக்கு அநீதி என்று சொல்கிற நாம், அந்தத் தேர்வு கேட்கிற பாடத்தில் பாதியைப் பள்ளிக்கூடமே நடத்தாமல் விடுவதைப் பற்றி வாய் திறப்பதில்லை. அந்தத் தேர்வு வேண்டுமா வேண்டாமா என்ற சண்டை ஒரு பக்கம் நடக்கட்டும். அது நாளைக்கே ஒழிந்தாலும், இருதயத்தைப் பற்றிப் படிக்காதவன் டாக்டருக்குப் படிக்கலாமா என்ற கேள்வி ஒழியாது.

மூன்றாவது வாதத்தை யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. ஆனால் எல்லோர் மனத்திலும் இருக்கிறது. "ஊரோடு ஒத்து வாழ வேண்டியதுதான். நான் மட்டும் என் பிள்ளையை ஒழுங்காகப் படிக்கவைத்து இடத்தைக் கோட்டை விடவா?" இதுதான் என் வாதமாகவும் இருந்தது. இந்த வாதத்திலுள்ள உண்மையை மறுக்க முடியாது. அதனால்தான் இது தனி மனிதர்களின் நாணயத்தை நம்பி விடக்கூடிய காரியம் இல்லை என்கிறேன்.

நாணயமாக நடக்கிறவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். ஒரு கிராமத்து அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் பௌதிக உபாத்தியாயர் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 11-ஆம் வகுப்புக்கு 11-ஆம் வகுப்புப் பாடத்தை நடத்துகிறார். ராட்டினத்தையும் கயிற்றையும் வைத்து நியூட்டனை விளக்குகிறார். அவருடைய மாணவனுக்கு 12-ஆம் வகுப்புப் பாடத்துக்கு ஒரு வருஷந்தான் கிடைக்கிறது. அவன் 85 வாங்குகிறான். அந்தப் பக்கம் அதே பாடத்தை இரண்டு வருஷம் அரைத்தவன் 97 வாங்குகிறான். கலந்தாய்வில் யார் முன்னால் நிற்பான்? விதியை மதித்த உபாத்தியாயரின் மாணவனுக்குத் தண்டனை. விதியை மீறிய பள்ளிக்கூடத்துக்குச் சன்மானம்! ஓட்டப் பந்தயத்தில் ஒருவனை முழு மைதானமும் சுற்றச் சொல்லிவிட்டு, மற்றவனைப் பாதி மைதானம் ஓடவிட்டு, யார் முதலில் வந்தார்கள் என்று கடிகாரத்தைப் பார்க்கிறோம்.

அரசாங்கப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு 2020-இல் மருத்துவத்துக்கும் 2021-இல் எஞ்சினீயரிங் முதலிய படிப்புகளுக்கும் வந்தது. மிக நல்ல காரியம். நான் கை எடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் அது காயத்துக்குக் கட்டுப் போடுவது. காயம் உண்டாக்குகிற முள்ளை அப்படியே பாதையில் விட்டுவைத்துக்கொண்டு, கட்டுப் போட்ட பெருமையைப் பேசிக்கொண்டிருக்கலாமா?

வெளியூர் நடப்பையும் கொஞ்சம் பார்க்கலாம். பக்கத்துக் கேரளத்தில் மேல்நிலை முதல் வருஷத்துக்கும் பொதுத் தேர்வு உண்டு. இரண்டு வருஷ மார்க்கும் சேர்ந்ததே மொத்த மார்க். ஆந்திரத்து இன்டர்மீடியட்டிலும் நெடுங்காலமாக இரண்டு வருஷத்தையும் கூட்டியே கணக்குப் பார்த்துவந்தார்கள். ஆந்திரத்தில் பிள்ளைகளை அரைக்கிற பெரிய ஆலைகள் இல்லையா என்றால், உண்டு. நம்முடையதைவிடப் பெரிய ஆலைகளே உண்டு. பரீட்சையால் எல்லா நோயும் தீர்ந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு வருஷத்தை முழுதாக முழுங்குகிற அந்த ஒரு நோய்க்காவது இது மருந்து.

அமெரிக்காவில் வேறு விதமாகச் செய்கிறார்கள். அங்கே பேர்பெற்ற கல்லூரிகள் ஒரு பிள்ளைக்கு இடம் கொடுக்கும் முன், ஒன்பதாம் வகுப்பிலிருந்து நாலு வருஷத்துப் பாடப் பட்டியலையும் கேட்டு வாங்கிப் பார்க்கின்றன. எத்தனை மார்க் என்பதற்கு முன்னால், எந்தப் பாடத்தில் அந்த மார்க் என்று பார்க்கிறார்கள். கல்லூரித் தரத்துப் பாடங்களைப் பள்ளியிலேயே படிக்கும் "ஏ.பி." என்ற ஏற்பாடு அங்கே 1955-ஆம் வருஷத்திலிருந்து நடக்கிறது. பள்ளிக்கூடத்திலுள்ள ஆலோசகர் எழுதி அனுப்பும் அறிக்கையில், "உங்கள் பள்ளியில் கிடைக்கிற பாடங்களோடு ஒப்பிட்டால், இந்த மாணவர் எடுத்துக்கொண்டவை எவ்வளவு கடினம்?" என்று ஒரு கேள்வியே உண்டு. கலிபோர்னியா பல்கலைக்கழகம், கடினமான பாடத்தில் வாங்கிய கிரேடுக்கு ஒரு புள்ளி கூட்டிப் போடுகிறது. அதற்கும் ஒரு உச்ச வரம்பு வைத்திருக்கிறது. கடைசி வருஷத்தில் பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டானா என்று பார்க்க, பாதி வருஷத்து மார்க்கையும் பல கல்லூரிகள் கேட்கின்றன.

அது சொர்க்கலோகம் என்று எண்ணிவிட வேண்டாம். பணக்காரப் பேட்டைப் பள்ளிகளில் இந்தக் கடினப் பாடங்கள் ஏராளமாகக் கிடைக்கும். ஏழைப் பேட்டையிலும் நாட்டுப்புறத்திலும் சொற்பமாகவே கிடைக்கும். கல்லூரிக்காரர்கள் கேட்கிறார்கள் என்பதற்காக, தாங்க முடியாத அளவு பாடங்களைத் தலையில் ஏற்றிக்கொண்டு துவண்டுபோகும் குழந்தைகளும் அங்கே உண்டு. அந்த முறையை அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்து இங்கே நட வேண்டும் என்பது என் கட்சி இல்லை. அவர்கள் கேட்கிற கேள்வியை மட்டும் கடன் வாங்கிக்கொள்ளலாம் என்கிறேன். "எவ்வளவு வாங்கினாய்?" என்று கேட்குமுன், "எதைப் படித்தாய்?" என்று கேட்கிறார்கள். நாம் முதல் கேள்வியை மட்டும் கேட்கக் கற்றுக்கொண்டு, இரண்டாவது கேள்வியை அடியோடு மறந்துவிட்டோம்.

சரி, என்ன செய்யலாம்?

பெரிய கமிஷன் ஒன்றும் வேண்டாம். எஞ்சினீயரிங் கட் ஆஃப் 200-இல் மூன்றில் ஒரு பங்கை 11-ஆம் வகுப்புக்கு ஒதுக்கட்டும். அதற்குத் தனியாகப் பொதுத் தேர்வு வைக்க மனமில்லையென்றால், 12-ஆம் வகுப்புக் கணக்கு, பௌதிக, ரசாயன, உயிரியல் வினாத்தாள்களில் கால் பங்கு கேள்விகளை 11-ஆம் வகுப்புப் பாடத்திலிருந்து நேராகக் கேட்கட்டும். தேர்வு நாள் ஒன்று கூடக் கூடாது. சுமையும் அதிகம் ஏறாது. ஆனால் ஒரு பள்ளிக்கூடமும் அந்தப் புத்தகத்தைத் திறக்காமல் இருக்க முடியாது. இதெல்லாம் நடக்கிற காரியமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு 2021-ஆம் வருஷத்தை ஞாபகப்படுத்துகிறேன். கொரோனாவினால் 12-ஆம் வகுப்புத் தேர்வையே ரத்து செய்தபோது, 10-ஆம் வகுப்பு மார்க்கில் 50 சதவீதம், 11-இல் 20 சதவீதம், 12-ஆம் வகுப்பின் செய்முறையிலும் உள் மதிப்பீட்டிலும் 30 சதவீதம் என்று சேர்த்துத்தான் மார்க் போட்டார்கள். யாரும் கேட்கப் போவதில்லை என்று பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்ட அந்த 11-ஆம் வகுப்பு மார்க்கைத் திடீரென்று ஒரு நாள் சர்க்காரே தேடி எடுத்தது! ஆபத்துக் காலத்தில் எண்ண முடிந்ததைச் சாதாரண காலத்தில் ஏன் எண்ண முடியாது?

இதனால் தனியார் பள்ளிக்கூடங்களுக்குக் கோபம் வரும். பெற்றோர்களில் பலருக்கும் வரும். "சார், உங்கள் வீட்டுப் பையன் உள்ளே போய்விட்டான், இப்போது கதவைச் சாத்தச் சொல்கிறீரா?" என்று என்னை யாராவது கேட்கலாம். கேட்கட்டும். உள்ளே போனவன் என்ன பாடுபடுகிறான் என்று பார்த்ததனால்தான் சொல்கிறேன். வெளியே நிற்கிறவனுக்கு இடம் போயிற்று. உள்ளே போனவனுக்கு அஸ்திவாரம் போயிற்று. இரண்டு பேருக்கும் நஷ்டமான ஒரு வியாபாரத்தை யாருடைய லாபத்துக்காக நடத்திக்கொண்டிருக்கிறோம்?

பையனைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் வாசகர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். அன்று இரவு அவன் அம்மாவிடம் நானே பேசினேன். "தப்பு என்னுடையது" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை, கொஞ்சம் அழுதாள். கோடை விடுமுறைக்கு அவன் வந்தபோது, வீட்டுப் பரணில் இருந்து தன்னுடைய பழைய 11-ஆம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைத் தூசி தட்டிக் கொண்டுவந்திருந்தான். என் மேஜைக்கு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டு முதல் அத்தியாயத்திலிருந்து போட ஆரம்பித்தான். சந்தேகம் கேட்க, எங்கள் தெருவிலேயே ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் கிடைத்தார். அவரிடம் கேட்பதற்கு அவன் வெட்கப்படவில்லை. அவருக்கு அவன் கட் ஆஃப் தெரியாது.

மூன்றாவது வாரத்தில் ஒரு நாள், "தாத்தா, இது ரொம்ப ஈஸியா இருக்கு! இதைச் சொல்லிக் கொடுக்கிறதுக்கு அவங்களுக்கு என்ன கஷ்டம்?" என்றான். நான் அவனுக்குப் பதில் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையே அவனுக்குப் பதில்.

போன ஞாயிற்றுக்கிழமை பழைய பேப்பர்காரர் வந்தார். தேர்வை எடுத்துவிட்ட சமாசாரம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. "இனிமே மறுபடியும் புதுசா வரும், சார்" என்றார். அவருக்கு அதில் லாபம். இருந்தாலும் சொல்லும்போது அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. அவருக்கும் ஒரு பேத்தி இருக்கிறாள். அரசாங்கப் பள்ளியில் இந்த வருஷம் 11-ஆம் வகுப்பில் சேர்ந்திருக்கிறாளாம்.

மேஜையின்மேல் கிடந்த பையனின் புத்தகத்தை அவர் கையில் எடுத்துப் பார்த்தார். முதுகு மடிந்திருந்தது. ஓரமெல்லாம் பென்சில் கிறுக்கல். வெக்டர் பாடத்தில் காபிக் கறைகூட ஒன்று இருந்தது.

"இது எடைக்குப் போடறதா, சார்?" என்றார்.

"இல்லை" என்றேன்.